கார் வளைவதைப் பார்த்தேன்

கும்மிடிப்பூண்டியில் இரும்புச் சட்டங்கள் செய்யும் ஒரு ஷெட்டில் நான் வெல்டர். கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். பெரும்பாலும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் சவாரிதான். கன்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட அந்தச் சாலையில் ஓடி ஓடி எங்கள் பழைய காரின் முன்பக்கம் தளர்ந்துவிட்டது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும். டேஷ்போர்டு முனகும்.

மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, இடது பக்க ஷாக் அப்சார்பரை மாற்றச் சொன்னார். "ஆனா அத மாத்துனா மட்டும் போவாது. பாடியே லூசாயிடுச்சு. மேல ரெண்டு பக்கத்தையும் சேத்து ஒரு ராடு போடணும். இந்த வண்டிக்குக் கடையில கெடைக்காது."

கணவர் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? நான்தான் செய்யணும், அதானே?"

சிரித்தார்.

பானெட்டைத் திறந்தால் இரண்டு ஓரத்திலும் கிண்ணத்தைக் கவிழ்த்தது போல ஒரு மேடு இருக்கும். ஷாக் அப்சார்பரின் தலையை அங்கேதான் போல்ட் போட்டுப் பூட்டியிருப்பார்கள். இந்த மேட்டிலிருந்து அந்த மேட்டுக்கு ஒரு குழாய், இரு முனையிலும் போல்ட்டுகளில் உட்காரும் தகடு. என் கைக்கு அது பெரிய வேலையில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிரில் கடையில் வெல்டிங் மெஷினை வாடகைக்கு எடுத்து வந்தோம். ஷாக் அப்சார்பர் மாற்றுவதற்காக அவர் இடது சக்கரத்தைக் கழற்றி, காரின் அந்த மூலையைத் தூக்கி நிறுத்தியிருந்தார். புதியது உள்ளே ஏறியதும், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, தகடுகளைக் காரிலேயே பூட்டி, குழாயை அங்கங்கே பொட்டுப் போலப் பற்றவைத்து நிறுத்தினேன். பிறகு அதைக் கழற்றி வெளியே எடுத்து முழுதாகப் பற்றவைத்தேன். திரும்ப வைத்துப் பார்த்தால் எல்லா ஓட்டையும் போல்ட்டில் அப்படியே இறங்கியது. எனக்கே பெருமையாக இருந்தது. கழற்றிப் பெயிண்ட் அடித்துக் காயவைத்தேன். அதற்குள் அவர் சக்கரத்தை மாட்டிக் காரைத் தரையில் இறக்கிவிட்டார்.

பெயிண்ட் காய்ந்ததும் மாட்டப் போனேன். இடது பக்கம் உட்கார்ந்தது. வலது பக்கம் உட்காரவில்லை. ஓட்டை ஒரு பக்கம், போல்ட் ஒரு பக்கம்.

"வெல்டிங்ல இழுத்துடுச்சோ?" என்றார்.

"அப்போ உக்காந்துச்சே. பெயிண்டா இழுக்கும்?" எனக்குக் கோபம் வந்தது.

புது ஷாக் அப்சார்பரைத்தான் சரியாகப் பூட்டவில்லையோ என்று அவருக்குச் சந்தேகம். ஜாக்கியைப் பழைய இடத்திலேயே வைத்துச் சுற்ற ஆரம்பித்தார். நான் குழாயின் வலது முனையைப் போல்ட்டுகளின் மேல் தாங்கிப் பிடித்திருந்தேன். கார் மெல்ல எழும்பியது. திடீரென்று என் கையிலிருந்த தகடு நழுவி, போல்ட்டுகளில் தானாக இறங்கி உட்கார்ந்தது.

நான் எதையும் தள்ளவில்லை. காரின் இரும்புதான் நகர்ந்து வந்திருந்தது.

தகட்டைத் தூக்கிக்கொண்டு, "கீழ எறக்குங்க," என்றேன். இறக்கினார். ஓட்டை விலகியது. "ஏத்துங்க." சேர்ந்தது. தினமும் இரும்போடுதான் என் பிழைப்பு. சூடு பட்டால் அது வளையும் என்று தெரியும். குளிர்ந்து கிடக்கிற ஒரு கார், ஒரு சக்கரத்தைத் தூக்கினதற்கே இப்படி முறுக்கிக்கொள்ளும் என்று நான் நினைத்ததே இல்லை.

சர்ச்சிலிருந்து வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா, பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். அவருக்கும் ஏற்றி இறக்கிக் காட்டினோம்.

"இது இன்னாடி, இரும்பா ரப்பரா?" என்றார். அவர் போக மனமில்லாமல் நின்றார். எங்களுக்கும் நிறுத்த மனமில்லை.

ஒரு மூலை தூக்கி நின்ற காரில் அளவெடுத்துவிட்டேன் என்று அப்புறம்தான் புரிந்தது. காரைச் சமமான சிமென்ட் தரையில் நான்கு சக்கரத்திலும் நிறுத்தி அளந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த அப்படியொரு தரைக்குக் காரைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினோம். குழாயை நடுவில் அறுத்து, உள்ளே இன்னொரு குழாய்த் துண்டைச் செருகி, காரின் அப்போதைய அகலத்துக்கே பற்றவைத்தேன்.

சாயங்காலம் காட்டுப்பள்ளிச் சாலையில் போனோம். அவர் வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் இடது சக்கரத்தை இறக்கினார். ஸ்டீயரிங் அசையவில்லை. அடுத்ததிலும் அசையவில்லை. "பாரேன், பாரேன்," என்று சொல்லிக்கொண்டே வந்தார். டேஷ்போர்டு மட்டும் இன்னும் முனகுகிறது.

மறுநாள் ஷெட்டில் கிரேன் ஒரு பெரிய பீமைத் தூக்கியது. அண்ணாந்து பார்த்தேன். கூரைக்குக் கீழே குறுக்கே ஓடும் கிரேனின் உத்தரம் லேசாகத் தாழ்ந்தது. பாரத்தை இறக்கியதும் மெல்ல நிமிர்ந்தது. இத்தனை நாள் அதன் அடியில்தான் நடந்திருக்கிறேன்.

"மேல இன்னா பாத்துக்கினு கீறம்மா?" என்றார் சூப்பர்வைசர்.

"இன்னொன்னு தூக்கச் சொல்லுங்க சார்," என்றேன்.