ஆசார்யாபிஷேகத்துக்கு ஒரு பெண் தேவை

எங்கள் குடும்பம் குருக்கள் குடும்பம். கிரிவலப் பாதையோரம் ஒரு சின்ன சிவன் கோயிலில் அப்பா பூசை செய்துவந்தார். நான் பாடசாலையில் ஆகமம் படித்து, ஆரம்ப தீட்சைகளையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியபோது மந்திரமெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கருவறைக்குள் லிங்கத்தைத் தொட்டுப் பூசை செய்ய அது போதாது. ஆசார்யாபிஷேகம் ஆக வேண்டும். அதற்கு மனைவி பக்கத்தில் உட்கார வேண்டும். பிரம்மச்சாரி மணி அடிக்கலாம், சந்தனம் அரைக்கலாம், நைவேத்தியத்துக்குச் சாதம் வடிக்கலாம். மூன்றையும் நான் செய்துகொண்டிருந்தேன். அப்பாவுக்கு முட்டி வலி. குனிந்து நிமிரும்போதெல்லாம் சுவாமியைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பார்.

பெண்தான் கிடைக்கவில்லை. எங்கள் ஆட்களே இப்போது குருக்கள் மாப்பிள்ளை வேண்டாம் என்கிறார்கள். ஒரு வீட்டில் பெண்ணின் தகப்பனார் நேராகவே கேட்டார்.

"பையன் தனியா பூஜை பண்றாரா?"

"கல்யாணம் ஆயிட்டா பண்ணலாம்," என்றார் அப்பா.

"பண்ண ஆரம்பிக்கட்டும். அப்பறம் கல்யாணம் பேசலாமே."

அப்பா ஆகம விதியை விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ பையன் இன்னும் ரெடியாகலை, அதானே?" என்றார். பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

அதற்குப் பிறகு வேங்கிக்காலில் ஒரு வரன் வந்தது. பெண்ணுக்கு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. பேசிக்கொள்ளுங்கள் என்று எங்களை மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். காயப்போட்ட வடகத்தை மிதிக்காமல் நின்றுகொண்டு, அவள் கேட்டாள்.

"எனக்கும் தீட்சை உண்டாமே?"

"உண்டு."

"உங்களுக்குப் பாடசாலையில வருஷக்கணக்கா சொல்லிக் குடுத்திருக்கா. எனக்கு என்ன தகுதி வேணும்?"

"என்னைக் கல்யாணம் பண்ணிண்டா போதும்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று உறைத்தது. காதெல்லாம் சூடாகிவிட்டது. அவள் சிரித்தாள். "உங்களுக்கும் அதான் பாக்கின்னு அப்பா சொன்னார்," என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "அபிஷேகத்துக்கு நாள் பாக்கறச்சே இருபதாம் தேதி பக்கம் மட்டும் வேண்டாம். ஜிஎஸ்டி ரிட்டர்ன் இருக்கும், லீவு தர மாட்டா," என்றாள். அது சம்மதம் என்று எனக்குப் புரிய, படியிறங்கும் வரை ஆயிற்று.

கல்யாணம் முடிந்து, தை மாதத்தில் ஆசார்யாபிஷேகம். விடியற்காலைப் பனியில் எங்கள் இருவரையும் பலகையில் உட்காரவைத்து, பெரியவர் ஒருவர் மந்திரம் சொல்லிக் கலச நீரை ஊற்றினார். மூன்றாவது கலசத்திலேயே அவளுக்குப் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

"இன்னும் எவ்ளோ இருக்கு?" என்றாள் மெதுவாக.

"பேசப்படாது."

உதடு துடிப்பதைப் பார்த்த பெரியவர் உருகிப்போனார். "பாருங்கோ, பொண்ணு எப்படி விடாம ஜபம் பண்றா! இவன் சும்மா உக்காந்திருக்கான்," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். மீதிக் கலசங்களில் பாதிக்குமேல் அவள் தலையில்தான் இறங்கின. ஒரு வாரம் ஜலதோஷத்தோடு ஆபீஸ் போனாள். நான் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன்.

அடுத்து வந்த பௌர்ணமியன்று நான் முதல்முறையாகத் தனியாகப் பூசை செய்தேன். வாசல்வரை கிரிவலக் கூட்டம். அப்பா அர்த்தமண்டபத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். தீபாராதனைத் தட்டோடு திரும்பினால், வரிசையின் முன்னால் என் மனைவி, ஆபீஸ் பையும் கையுமாக. வரிசையை ஒழுங்குசெய்ய வந்திருந்த தொண்டர் அவளை விரட்டிக்கொண்டிருந்தார்.

"நகரும்மா, பின்னாடி எவ்ளோ ஜனம் நிக்குது பாரு."

"ஒரு நிமிஷங்க. உள்ள இருக்கறவர் எங்க வீட்டுக்காரர்."

தொண்டர் லிங்கத்தை நோக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இங்க வர்ற பாதிப் பேரு அப்படித்தாம்மா சொல்றாங்க. நகரு, நகரு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மந்திரத்தின் நடுவில் வாயைத் திறந்து விளக்கவும் முடியாது. அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கூட்டத்தோடு போய்விட்டாள்.

"கை ஆடறது," என்றார் அப்பா ஸ்டூலிலிருந்து. "நேரா காட்டு."