நல்லெண்ணெயும் கொரிய இறைச்சியும்

என் கைச் சமையல் நல்லது என்று நானே சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. துறைமுகத்துப் பக்கம் எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் இறைச்சிச் சட்டிக்குக் கிட்ட என்னைத்தான் கூப்பிட்டு நிறுத்துவார்கள். அப்படிப்பட்ட என்னையே ஒரு கொரியா நாட்டு இறைச்சி இரண்டு தரம் மண்ணைக் கவ்வ வைத்தது.

என் கணவர் கொரியாவில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் ஐந்து வருடம் வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தார். வந்து பெட்டியைக்கூட ஒழுங்காகக் காலியாக்கவில்லை, திரும்ப வரச்சொல்லிப் பழைய முதலாளியிடமிருந்து செய்தி வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இங்கேயும் வேலை இல்லாமல் இல்லை. துறைமுக வீதியில் படகு இன்ஜின் திருத்துகிற கராஜ்காரர், "நாளைக்கே வாங்க" என்றார். இவர் இரண்டு பேருக்கும் "பாப்பம்" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் சாய்ந்து கிடந்தார். எனக்கு அவர் இங்கேயே நிற்க வேண்டும். ஆனால் மனுசனின் மனம் அங்கேதான் கிடக்கிறது என்று எனக்குள் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது.

அதற்குக் காரணம் அந்த இறைச்சி. வந்த முதல் கிழமையே, அவருக்குப் பிடிக்கும் என்று மிளகு தூக்கலாகப் போட்டு மாட்டிறைச்சிக் கறி ஆக்கிக் கொடுத்தேன். தின்றுவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அங்க ஒரு இறைச்சி செய்வாங்க புள்ள, மெல்லிசா வெட்டி, சோயா சோஸ், சீனி, உள்ளி எல்லாம் போட்டு ஊறவெச்சு, நெருப்பில காட்டி எடுப்பாங்க. அந்த மணம்! தெருமுனை வரைக்கும் வரும்."

ஐந்து வருடம் தனியாகக் கிடந்து நான் பிள்ளையையும் வளர்த்து வீட்டையும் பார்த்தால், மனுசன் வந்து எனக்கு அந்நிய இறைச்சியின் பெருமை சொல்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி, இறைச்சிதானே உங்களை இழுக்கிறது, அதை நான் ஆக்கித் தருகிறேன், அதற்குப் பிறகு எங்கே போவீர்கள் என்று பார்க்கிறேன். வாயால் சொல்லவில்லை. மனதுக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த நாள் காலையிலேயே இறைச்சிக் கடைக்குப் போனேன்.

"நானா, எலும்பில்லாமக் கடதாசி மாதிரி மெல்லிசா வெட்டித் தாங்க."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ராத்தா, இது கத்தி. சவர பிளேட் இல்ல. கறிக்கு எண்டாச் சொல்லுங்க, வெட்டித் தாறன்."

முழுத்துண்டாகவே வாங்கி வந்து, அரைவாசி உறையும் வரை பிரிட்ஜின் மேல்தட்டில் வைத்து நானே வெட்டினேன். போனில் வீடியோ பார்த்துத்தான் எல்லாம். அதில் சமைத்துக் காட்டிய கொரியாக்காரி இறைச்சி மெதுவாக வருவதற்குப் பியர்ஸ் பழம் துருவிப் போட்டாள். பியர்ஸுக்கு நான் எங்கே போவேன்? வளவில் பப்பாசிக்காய் இருக்கிறதே என்று அதைத் துருவிப் போட்டு இரவு முழுக்க ஊற விட்டேன். தோலை வாசலில் வீசியதும், எங்கள் ஊர்த் தெருக்களில் மாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று வந்து தின்றுவிட்டுப் போனது. அது ஒன்றுக்குத்தான் அன்றைக்கு வயிறு நிறைந்தது. காலையில் மூடியைத் திறந்தால் இறைச்சி களியாகக் கிடந்தது. விரலில் எடுத்தால் விரலிலேயே ஒட்டியது.

இரண்டாம் தரம் பப்பாசிக்காய்ப் பக்கமே நான் போகவில்லை. சந்தை முழுக்கத் தேடிப் பியர்ஸ் வாங்கினேன். வீடியோவில் எள் எண்ணெய் என்று எழுத்து ஓடியது. எள் எண்ணெய் என்றால் நல்லெண்ணெய்தானே! வீட்டில் போத்தல் நிறைய இருந்தது, தாராளமாக ஊற்றினேன். அடுப்பில் தாச்சியை வைத்து இறைச்சி முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டினேன். அது வதங்காமல் தண்ணீர் விட்டுக் கொதித்தது. இவர் குசினி வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"இது இல்ல புள்ள. இது தலைக்கு வெக்கிற எண்ணெய் மணம்."

ஒரு வாய் தின்று பார்த்துவிட்டுச் சொன்னால் பொறுப்பேன். வாசலில் நின்றே தீர்ப்புச் சொல்கிறார்! "அப்ப போய் அங்கயே தின்னுங்க" என்று வாய் வரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன். சொல்லியிருந்தால் அந்த ரோசத்திலேயே போயிருப்பார்.

மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன், அவள் ஊற்றுகிற எண்ணெய் பால் விடாத பிளேன்டி நிறத்தில் இருந்தது. அடியே, அது வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய்! எனக்கு என் மேலேயே சிரிப்பு வந்தது. எள்ளை எடுத்து, வெடித்து நிறம் மாறும் வரை வறுத்து, இடித்து, சூடான நல்லெண்ணெயில் போட்டு வைத்தேன். இரண்டு மணித்தியாலம் மட்டும் இறைச்சியை ஊற விட்டேன். தாச்சி புகையும் வரை காய வைத்து, ஒரு கைப்பிடி, அது வெந்ததும் எடுத்துவிட்டு இன்னொரு கைப்பிடி என்று போட்டேன். ஓரம் கறுத்து, சீனி பாகாகி, வீடு முழுக்க மணந்தது. இந்த முறை பிழைக்காது என்று இறக்குவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

இவர் முன்கூடத்திலிருந்து எழும்பி வந்தார். பீங்கானை எடுத்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்று ஒரு துண்டை வாயில் வைத்தார். மெதுவாக மென்றார்.

"எப்பிடி? அங்க மாதிரியே இருக்கா?"

"தெரியா."

"தெரியாதா? ஐஞ்சு வருசம் திண்டிட்டுத் தெரியா எண்டுறீங்க?"

"நான் எங்க திண்டன்? அது ஹலால் இல்லயே புள்ள. மத்தவங்க திண்ணுவாங்க, நான் பக்கத்தில இருந்து சோறும் முட்டையும் தின்னுவன். ரூமுக்கு வந்தா சேட்டெல்லாம் அந்த மணம். மோந்து பாத்துட்டுப் படுத்திருவன்."

மூக்கில் மட்டும் வைத்திருந்த ஒன்றுக்காகவா நான் கிழமைக் கணக்கில் பாடுபட்டேன்! அழுகிறதா, அகப்பையால் ஒன்று போடுகிறதா தெரியவில்லை.

"அப்ப எதுக்கு எந்நேரமும் அந்தக் கதை? திரும்பிப் போற ஆசை இல்லயா?"

"ஆசையா?" என்றார். "வீடு கட்டுற வேலை காசில்லாம அரைவாசியில நிக்குது. அதுக்காக நான் போகணும் எண்டுதான் நீங்க நினைக்கிறீங்க எண்டு இருந்தன். போகாதீங்க எண்டு நீங்க ஒரு வார்த்தை சொல்லல்லயே."

"போகாதீங்க" என்றேன். கெஞ்சவில்லை, ஏசுகிற மாதிரித்தான் வந்தது. "வீடு அரைவாசியிலயே நிக்கட்டும். போனீங்க எண்டா எயார்போட் வாசல்ல நிண்டு கத்துவன்."

அவர் சேட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் போடச் சொல்லிப் பீங்கானை நீட்டினார்.