கறுப்பு ஜன்னலில் தொட்டி இல்லை

போன திங்கட்கிழமை எங்கள் வீட்டு லேப்டாப்பின் கதை முடிந்தது என்றே நினைத்தேன். ஆன் செய்துவிட்டு, டீ குடித்து, பேப்பர் படித்து, குளித்துவிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

வாராவாரம் உங்களுக்கு நான் எழுதுவது இதில்தான். அதைவிட முக்கியம், என் மனைவி வசந்தாவின் தொழிலே இதில்தான் இருக்கிறது. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு யூனிட் நடத்துகிறாள். ஃப்யூஸ் கட்டை, அதன் மூடி – எல்லாவற்றுக்கும் அளவு போட்ட படங்கள், ஓரத்தில் அவள் டைப் செய்த குறிப்புகள். சூளையில் வெந்தால் களிமண் சுருங்கும் இல்லையா? எவ்வளவு சுருங்கும், எங்கே வெடிக்கும்... எல்லாம் அந்தக் குறிப்புகளில்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஜாபர் வந்து பார்த்தார். "மெஷினு நல்லாத்தான் இருக்குது சார். விண்டோஸ எடுத்துட்டு லினக்ஸ் போட்டுடலாம், சும்மா பறக்கும்" என்றார். போட்டார், பறந்தது. ஃபைல்களும் பத்திரமாக இருந்தன. அதோடு விட்டிருக்கலாம்.

கிளம்பும்போது ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்து காட்டினார். "இதுல டைப் பண்ணியே எல்லா வேலையும் வாங்கலாம் சார். ஷெல்லுன்னு பேரு. நாலஞ்சு வகை இருக்குது. எது ஈஸியோ அத வச்சுக்கங்க."

எது ஈஸி? அது தெரிந்தால் நான் ஏன் முழிக்கிறேன்?

புதுச்சேரியில் இருக்கும் மச்சானுக்கு போன் போட்டேன். "பழசுதான் மாமா பெஸ்ட்டு, உலகமே அதத்தான் வச்சிருக்குது" என்றான். ஸ்ரீமுஷ்ணத்தில் பேங்க்கில் இருக்கும் நண்பரைக் கேட்டேன். "அய்யய்யோ, அது வேணாங்க. புதுசு ஒண்ணு இருக்குது. நீங்க ரெண்டு எழுத்து அடிச்சா மிச்சத்த அதுவே சொல்லும்" என்றார். அதைப் போட்டேன். உண்மைதான், சொன்னது. நான் ஒருமுறை தப்பாக அடித்த கமாண்டையே சாம்பல் நிறத்தில் திரும்பத் திரும்ப எடுத்துக் கொடுத்தது.

அடுத்தது, அதே கறுப்பு ஜன்னலுக்குள் ஃபைல்களைத் திறக்க, காப்பி செய்ய, அழிக்க ஒரு ஃபைல் மேனேஜர். அதிலும் நாலஞ்சு. ஒன்றில் நுழைந்தேன் – வெளியே வரத் தெரியவில்லை. எந்தப் பட்டனைத் தட்டினாலும் வேறு எதையோ திறந்தது. கடைசியில் லேப்டாப்பையே அணைத்துத்தான் தப்பித்தேன். இன்னொன்று நீல நிறம், இடது பக்கம் ஒரு பட்டியல், வலது பக்கம் ஒரு பட்டியல். கீழே எந்த நம்பருக்கு என்ன வேலை என்று எழுதியே இருந்தது. காப்பிக்கு ஐந்து, அழிக்க எட்டு. அப்பாடா என்று இருந்தது.

புதன்கிழமை காலை வசந்தாவை உட்காரவைத்து அதைக் காட்டினேன். கொஞ்சம் பெருமையாகவே.

"மூணு தடவயும் வெடிச்சிச்சே, அந்த மூடி. அதோட படத்தத் தொட்டியில போடுங்க" என்றாள்.

அவள் வாயில் 'தொட்டி' என்றால், அழித்த ஃபைல்கள் போய்ச் சேரும் ரீசைக்கிள் பின். வருஷக்கணக்காக அப்படித்தான் சொல்வாள். எட்டை அமுக்கினேன். நிச்சயமா என்று இங்கிலீஷில் கேட்டது. நிச்சயம்தான் என்றேன். போயிற்று.

மறுநாள் திட்டக்குடியிலிருந்து மோட்டார் கடைக்காரர் போன் செய்தார். "நான் முன்ன கேட்டேனே, அந்த மூடியவே ரெடி பண்ணுங்கம்மா. அடுத்த வாரம் வரேன்" என்றார். வசந்தாவுக்கு ஒரே சந்தோஷம். லேப்டாப்பைத் திறந்தாள், தேடினாள்.

"ஏங்க, தொட்டி எங்க இருக்குது?"

ஜாபருக்கு போன் போட்டேன். "அதுல அழிச்சா அழிச்சதுதான் சார். எடுக்க முடியுமான்னு பாக்கறேன், ஆனா நம்பிக்க வச்சுக்காதீங்க" என்றார். வந்து அரைநாள் பார்த்தார். கிடைக்கவில்லை.

"வேண்டாம்னுதானே தொட்டியில போடச் சொன்ன?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

"வேணாம்னு யாரு சொன்னது? எங்க யூனிட்ல, சூளைக்குப் போறதுக்கு முன்னால வெடிச்சா தொட்டித் தண்ணியிலதான் போடுவோம். ஊறிக் களிமண்ணாவும். திரும்ப எடுத்து வார்ப்போம். குப்பையா அது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக அந்த ரீசைக்கிள் பின்னை அவள் ஒருநாளும் காலி செய்ததில்லை. சரிவராத படங்களை அதில் போட்டு வைப்பாள். ஆர்டர் வந்தால் எடுப்பாள், அளவை மாற்றுவாள். நானோ அது குப்பை என்றே நினைத்திருந்தேன்.

மூடியின் அச்சு இருக்கிறது. ஆனால் அது வெடிக்கிற அச்சு. எந்த இடத்தில் எவ்வளவு தடிமன் கூட்ட வேண்டும் என்பது குறிப்பில்தான் இருந்தது. திரும்பவும் வார்த்து, காயவைத்து, சுட்டுப் பார்க்க மூன்று வாரமாவது ஆகும் என்று கடைக்காரரிடம் சொன்னாள். அவ்வளவு நாள் பொறுக்க முடியாது, வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்றுவிட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. "எது ஈஸின்னு ரெண்டு நாளா அலைஞ்சு, விசாரிச்சுத்தான் போட்டேன்..." என்று இழுத்தேன்.

வசந்தா கோபப்படவில்லை. யூனிட்டுக்குக் கிளம்பச் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "புதுச்சேரியக் கேட்டீங்க, ஸ்ரீமுஷ்ணத்தக் கேட்டீங்க. வூட்ல இருக்குற என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

எது ஈஸி என்று இப்போது அவளிடமே கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறாளாம்.