வெயிலில் தெரியாத எண்கள்

சாலை போடும் அலுவலகத்தில் அவள் ஒருத்திதான் பெண் சர்வேயர். கோணத்தைக் கண்ணாலேயே சொல்லிவிடுவாள் என்பதால் ‘டிகிரி அக்கா’ என்று பெயர். நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்தாள்.

மலைச் சாலைக்கு வளைவுகள் குறிக்கிற வேலை வந்தது. அதுவரை லாக் அட்டவணைப் புத்தகத்தின் மேல் கல்லை வைத்து, காற்றோடு மல்லுக்கட்டிக் கணக்குப் போட்டவளிடம் இன்ஜினியர் ஒரு பாக்கெட் கால்குலேட்டரைக் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது பெரிய அதிசயம். சைன், டேன், லாக் எல்லாவற்றுக்கும் பட்டன் உண்டு; சமக்குறிக்கு மட்டும் இல்லை. எண்கள் இரண்டையும் கொடுத்த பிறகுதான் கூட்டவா, பெருக்கவா என்று சொல்ல வேண்டும்.

“சமமே போடாம என்னத்த கணக்கு?” என்று வரைபடக்காரர் தொடவே மறுத்தார். அவளுக்கு ஒரே நாளில் பிடிபட்டுவிட்டது.

மலைக்குப் போனதும்தான் சிக்கல். அறைக்குள் பளிச்சென்று சிவப்பாக எரிந்த எண்கள் வெயிலில் கண்ணுக்கே தெரியவில்லை. பிடிக்க ஒரு கை, அழுத்த ஒரு கை. மறைக்க இன்னொரு கைக்கு எங்கே போவது?

அவள் குறி பார்க்க ஆளுயர அளவுகோலைப் பிடித்து நிற்பவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘நெட்டை’ என்றால் எல்லோருக்கும் தெரியும். மனைவியை இழந்தவர், வாய் திறக்காத மனுஷன். கோலைக் கீழே கிடத்திவிட்டு வந்து, சூரியனுக்கும் அவளுக்கும் நடுவே நின்றார். எண்கள் தெரிந்தன.

அன்று முதல் அவள் கால்குலேட்டரை எடுத்தால் அவர் வந்து நிற்பார். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று படபடவென அழுத்திக்கொண்டிருந்தவளுக்கு, போகப் போக அந்த அவசரம் குறைந்துவிட்டது.

ஒருநாள் வானம் மூடிக் கிடந்தது. அப்போதும் வந்து நின்றார்.

“வெயிலே காணோமே, எதுக்கு நிக்கறீங்க?”

அவர் காது சிவந்தது. “கவனிக்கல மேடம்.”

“காலையிலேர்ந்தே மேகந்தான்.”

“தெரியும் மேடம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்து, விரல் தவறி அழிக்கிற பட்டனில் பட்டது. “போச்சு, மொத்தக் கணக்கும் போச்சு!”

“மெதுவா திரும்பப் போடுங்க. நான் எங்கயும் போகல.”

கல்யாண விஷயம் தெரிந்து அண்ணன் குதித்தார். “உனக்குக் கீழ வேலை பார்க்கறவனையா கட்டிக்கப் போற?”

“கீழயா? அவர் முகத்தைப் பார்க்கணும்னா நான் அண்ணாந்துதான் பார்க்கணும், அண்ணா!”

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். அண்ணன் எவ்வளவு அடக்கியும் சிரித்துவிட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டில் “மேடம், தண்ணி சூடாயிடுச்சு” என்றுதான் கூப்பிட்டார். அவளும் திருத்தவில்லை.

மலைச் சாலையில் முதல் பஸ் ஓடியபோது இருவரும் ஏறினார்கள். வண்டி குலுங்காமல் வளைந்து வளைந்து ஏறியது. “இதோ, நாம குறிச்ச வளைவு” என்று அவள் திரும்பினாள். அவர் அவள் தோளில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். கடைசி நிறுத்தம் வரை அவள் அந்தத் தோளை அசைக்கவே இல்லை.