எல்லையோரக் காவல் வீடு

கானாடுகாத்தானுக்கு வடக்கே ஒரு சிற்றூரில், பழைய செட்டியார் வீட்டின் உச்சியில் இருக்கும் காவல் அறையில் நிற்கிறேன். சுவரில் துப்பாக்கிக் குழல் நுழையும் அளவில் நான்கு துளைகள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் முருகேசன் எதிரே தெரியும் கருவேலங்காட்டைக் காட்டுகிறார்.

"அங்குட்டுப் புதுக்கோட்டை சமஸ்தானம், இங்குட்டு சிவகங்கைச் சீமை. கொள்ளையடிச்சுட்டு எல்லையத் தாண்டிட்டா இந்தப் பக்கத்துப் போலீசு தொடர முடியாது. அதுக்குத்தேன் இந்தக் காவல்."

அவருடைய கொள்ளுத்தாத்தா இங்கே காவலாளியாக இருந்தவர். ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில், காட்டிலிருந்து அரிவாளோடு ஒரு கூட்டம் வருவதைப் பார்த்து மணியடித்திருக்கிறார். உடனே வாசற்கதவை அடைத்துவிட்டார்கள். அவருடைய மனைவியும் கைக்குழந்தையும் வெளியே குடிசையில்.

"தொறக்கக் கூடாதுன்னு செட்டியார் கண்டிப்பாச் சொல்லிட்டாக. அவுக சம்சாரம் ஆச்சி கேக்கல. 'நம்ம பிள்ளை வெளிய நின்னா இப்பிடிச் சொல்லுவீகளா'ன்னுட்டு அவுகளே குறுக்குக் கட்டையத் தூக்கிட்டாக. தாயும் பிள்ளையும் உள்ள வந்து விழவும், திரும்பக் கட்டையப் போடவும் சரியா இருந்துச்சு."

கீழே வருகிறோம். தேக்குக் கதவின் வெளிப்புறத்தில் விரல் ஆழத்துக்கு வெட்டுத் தடங்கள்.

"அந்தக் கைப்பிள்ளதேன் எங்க தாத்தா" என்கிறார்.

பின்வாசல் வழியாக வெளியேறுவதற்கு முன், முன்கதவை அடைக்க வேண்டும். குறுக்குக் கட்டையின் ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் தூக்குகிறோம். எனக்கு மூச்சு வாங்குகிறது.

"ஆச்சி இதைத் தனியாகவா தூக்கினார்?"

"தனியாத்தேன். பக்கத்துல நின்ன ஆம்பளைக ஒருத்தரும் கை குடுக்கலையாம்."