எதற்கு மன்னிக்கணும் என்று கேட்டவளைத் தேடி

திங்கள்கிழமை காலை ஆறு நாற்பதுக்குச் செங்கல்பட்டில் பஸ் ஏறினேன். வியாழக்கிழமை மக்காவுக்கு, உம்ரா பயணத்துக்கு விமானம். பெட்டி பாதி கட்டிய நிலையில் கட்டிலில் கிடக்கிறது. என் துணிக்கடையில் தைத்துக் கொடுக்க வேண்டிய பர்தா இன்னும் ஏழு இருக்கிறது. இந்த லட்சணத்தில் ஒருத்தி வேலையை எல்லாம் போட்டுவிட்டுக் கடப்பாக்கத்துக்குப் போகிறாள் என்றால், அவள் ஏதோ வம்பில் மாட்டியிருக்கிறாள் என்று அர்த்தம்.

வம்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ போகிறவர்கள், புறப்படும் முன் தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், "ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிடுங்க" என்று கேட்பது எங்களில் வழக்கம். மனிதருக்குச் செய்த கெடுதியை அந்த மனிதரிடமே தீர்த்துக்கொள்ள வேண்டும், தொழுது அழுது மேலே முறையிட்டு மட்டும் தப்பிக்க முடியாது என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயான் சொற்பொழிவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். முன்பு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். இப்போது வாட்ஸ்அப் இருக்கிறது. ரோஜாப்பூ பார்டர் போட்ட படம் ஒன்று யாரோ அனுப்பியது கைவசம் இருந்தது. "அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளை மன்னிக்கவும்." போனில் இருந்த அத்தனை பேருக்கும் தள்ளிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் ஆமீன், கைகூப்பல், பூங்கொத்து என்று வந்து குவிந்தது. நசீமா மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: "எதுக்கு மன்னிக்கணும்?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டிருப்பாள். நசீமா எதையும் அப்படித்தான் கேட்பாள். நான்தான் போனைக் கவிழ்த்து வைத்தேன். ஏனென்றால் எதற்கு என்று எனக்குத் தெரியும்.

நசீமா முன்பு எங்கள் அடுத்த தெருவில் இருந்தாள். இப்போது கடப்பாக்கத்தில்; அவள் வீட்டுக்காரர் அங்கே மீன் வலையும் கயிறும் விற்கும் கடை வைத்திருக்கிறார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் மகள் பர்வீனுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனவர்கள், மறுநாள் என் கடைக்கு வந்து விசாரித்தார்கள். அந்த வாரம்தான் நசீமா பெருநாள் துணியை என் கடையில் எடுக்காமல் சென்னைக்குப் போய் எடுத்து வந்திருந்தாள். எனக்குள் புகைந்துகொண்டிருந்தது. பர்வீனைப் பற்றிக் கெடுதலாகச் சொல்ல ஒன்றுமில்லை, நானும் சொல்லவில்லை. முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "புறம் பேசறது ஹராம்மா. நான் எதுவும் சொல்ல மாட்டேன், என்கிட்ட கேக்காதீங்க" என்றேன். வந்த ரெண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றுபோனது.

புறம் பேசக் கூடாது என்ற நபிமொழியை வைத்தே புறம் பேசிய ஆள் நான். இதை எழுத இப்போதும் கூசுகிறது.

என் வீட்டுக்காரர் பஸ் நிலையம் வரை வந்தார். "அவளுக்குத் தெரியாதுன்னா நீ ஏன் போய்ச் சொல்ற? தெரியாதவங்ககிட்ட சொல்லி நோவடிக்காம, அவங்களுக்காக துஆ செஞ்சா போதும்னு ஆலிமுங்க சொல்லிகீறாங்க ஜமீலா" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அப்படியும் சொல்லியிருக்கிறார்கள். "அவ கேட்டுட்டாளே. கேட்டவளுக்கு இன்னா பதில் போடறது, ரோஜாப்பூவா?" என்றேன். அவர் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டார்.

திருக்கழுக்குன்றம் பதினாலு கிலோமீட்டர். மலையில் அப்போதுதான் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வயலும் செங்கல் சூளையுமாக இன்னொரு பதினைந்து. டிக்கெட் முப்பது ரூபாய். மாமல்லபுரத்துக்குள் போகாமல் பூஞ்சேரி கூட்டுரோட்டிலேயே இறங்கினேன். மணி ஏழே முக்கால். கல் செதுக்கும் பட்டறைகளில் அதற்குள் மெஷின் ஓட ஆரம்பித்து, வெள்ளைத் தூசி ரோடு வரை பறந்தது. பாதி முடிந்த யானை ஒன்று தும்பிக்கை இல்லாமல் நின்றது. டீ பதினைந்து ரூபாய், சுமார்தான்.

எட்டு இருபதுக்குப் பாண்டிச்சேரி பஸ் வந்தது. நிற்கத்தான் இடம். ஒரு ஆள் தன் லேப்டாப் பையைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துவிட்டு ஜன்னல் வழியே கடலைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்று வந்தது. கோபம் வந்தால், நிற்பவர் உட்காரட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உட்கார இடமில்லாததுதான் என் கோபத்துக்கே காரணம். சாதாரண நாளாக இருந்தால் அந்தப் பைக்கு டிக்கெட் எடுத்தீங்களா என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டிருப்பேன். மன்னிப்புக் கேட்கப் போகிற வழியில் புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "தம்பி, இந்தப் பைய மடியில வச்சிக்கிறீங்களா?" என்றேன்.

"அய்யோ, சாரி மா, கவனிக்கல" என்று உடனே எடுத்துவிட்டார். கல்பாக்கம் தாண்டியதும் எனக்கு ஜன்னல் சீட்டையும் விட்டுக்கொடுத்தார். இத்தனை வருஷமாக எத்தனை பேரிடம் வீணாகக் கத்தியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பாலாற்றுப் பாலத்தில் பார்த்தால் ஆறு முழுக்க மணலும், கடல் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீரும். அப்புறம் சவுக்குத் தோப்பு, தென்னை, உப்பளம். பூஞ்சேரியிலிருந்து நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஒன்பதே முக்காலுக்குக் கடப்பாக்கத்தில் இறங்கினேன். ஆட்டோக்காரர் நான் வாயைத் திறக்கும் முன்பே, "கோட்டைக்குத்தானேக்கா?" என்றார். ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் இங்கே வருவார்கள்.

"இல்லப்பா. பள்ளிவாசல் பக்கம், வலை கயிறு விக்கிற கடைக்காரர் வூடு. மன்னிப்பு கேக்க வந்தேன்."

"அதுக்கு இன்னாத்துக்குக்கா இவ்ளோ தூரம்? போன்லயே கேட்டுக்கலாம்ல?"

"போன்ல கேட்டுத்தான் மாட்டிகினேன்."

அவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். ஐம்பது ரூபாய்.

நசீமா பின்கட்டில் முக்காலி போட்டு எறா உரித்துக்கொண்டிருந்தாள். முட்டிவலி அவளுக்கு அதிகமாகியிருந்தது. எழுந்திருக்க முடியாமல், கையை மட்டும் தூக்கி சலாம் சொன்னாள். "இன்னாடி ஜமீலா, நேர்லயே வந்துட்ட! நாஸ்தா துன்னியா?" என்றாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. சும்மா பயணம் சொல்ல வந்தேன் என்று ஒரு பொய்யைச் சொல்லி, ரெண்டு இடியாப்பம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். நானும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, எறாவை எடுத்து உரித்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். துணி எடுத்ததில் எனக்கு இருந்த புகைச்சல், கடைக்கு வந்த ரெண்டு பெண்கள், நான் முகத்தை வைத்துக்கொண்ட விதம், சொன்ன வார்த்தை, ஒன்று விடாமல்.

நசீமா என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த எறாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீயாடி?" என்றாள்.

"நான்தான்."

"நான் பர்வீனத்தான்டி திட்டிகினு கீறேன். பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, கல்யாணத்துக்கப்புறமும் வேலைக்குப் போவேன்னு பட்டுனு சொல்லிட்டா. அதான் வேணாம்னுட்டாங்கன்னு நான் நெனச்சேன். ரெண்டு வருசமா சொல்லிக் காட்டிகினே இருந்தேன். உன் வாயாலதான்டி போச்சுன்னு." உரித்த எறாவைச் சட்டியில் போட்டாள். "அஞ்சு மாசமா என்கிட்ட பேசறதில்ல. அவங்கப்பாவுக்குத்தான் போன் பண்ணுவா. நானும் வீம்புக்குப் பேசல."

நாக்கை வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. ஒரு கல்யாணத்தைக் கெடுத்தேன் என்று நினைத்து வந்தேன். தாயையும் மகளையும் பிரித்துவைத்திருக்கிறேன் என்பது அந்த முக்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்தது.

"என்ன மன்னிச்சிடு நசீமா."

"உன் விசயம் அப்பறம். மூணு நாளைக்கு மேல மொகம் குடுக்காம இருக்கக் கூடாது, மொதல்ல சலாம் சொல்றவங்கதான் மேலுன்னு ஹதீஸ்ல வருதில்ல? நான் அஞ்சு மாசம் ஆக்கிட்டேனே." முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "இரு. எறாவ தொக்கு வச்சிட்டு வரேன். அவளுக்குப் புடிக்கும். சிறுசேரில அவ ஆபீசுக்கே போலாம், நீயும் வா. நீ சொல்லாம நான் சொன்னா நம்ப மாட்டா."

லுஹர் தொழுதுவிட்டு ஒன்றே கால் பஸ்ஸைப் பிடித்தோம். மடியில் தூக்குப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, பாலாறு வரும் வரை அவள் என்னிடம் பேசவே இல்லை. எனக்கும் பேச வாய் வரவில்லை. இது என் வாழ்நாளில் அபூர்வம். பாலத்தின் மேல் வந்ததும் திடீரென்று திரும்பினாள்.

"பெருநாள் துணிக்காகவாடி?"

தலையாட்டினேன்.

"அது மொத சலவைலயே சாயம் போச்சு. உன்கிட்ட சொன்னா சிரிப்பேன்னு சொல்லல."

சிரிப்பு வந்தது அவளுக்கு. பாதியிலேயே அது அழுகையாகி, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கையை அவள் கைமேல் வைத்தேன். தள்ளிவிடவில்லை.

பூஞ்சேரியில் பஸ் மாறி, திருப்போரூர், கேளம்பாக்கம் வழியாகச் சிறுசேரி. இருபத்தேழு கிலோமீட்டரில் ஊர் மெல்ல மெல்ல மாறிவிடுகிறது. தர்பூசணிக் கடைகள் முடிந்து, அடுக்குமாடி விளம்பரங்கள் ஆரம்பிக்கின்றன. அப்புறம் கண்ணாடிக் கட்டிடங்கள், வரிசையாக வெள்ளை கேப் வண்டிகள். மூன்றே முக்காலுக்கு பர்வீனின் அலுவலக வாசலில் நின்றோம். அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விட முடியாது என்று காவலாளி சொன்னார். நசீமாவின் முட்டியைப் பார்த்துவிட்டுத் தன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து நிழலில் போட்டார். நான் பர்வீனுக்குப் போன் செய்து, உன் அம்மா வாசலில் இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன்.

ஓடி வந்தாள். கழுத்தில் அட்டை ஆடியது. "அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்றாள் முதலில். ஐந்து மாதம் பேசாத அம்மா வந்து நின்றால் வேறென்ன தோன்றும்?

நசீமா நாற்காலியிலிருந்து எழுந்தாள். "அஸ்ஸலாமு அலைக்கும், பர்வீன்."

அந்தப் பெண் திகைத்துப்போய் பதில் சலாம் சொன்னாள்.

"அந்தச் சம்பந்தம் உன்னால போகலம்மா. நான்தான் தெரியாம உன்ன ரெண்டு வருசமா வதைச்சிட்டேன். அம்மாவ மன்னிச்சிடு."

பர்வீன் என்னைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். காலையில் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. கேப் வண்டிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு போனதால் ரெண்டு தடவை நிறுத்தி மறுபடி சொல்லவேண்டியிருந்தது. தன் குற்றத்தை உரக்க, அதுவும் ரெண்டு முறை சொல்வது எப்படியிருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

அவள் கத்தவில்லை. "அதுக்கப்புறம் ரெண்டு வீட்டுலேர்ந்து வந்தாங்க மாமி" என்றாள். "வேலைய விட்டுடுவியான்னு கேட்டாங்க. பயந்துபோய் ரெண்டு தடவையும் தலையாட்டினேன். ரெண்டும் அமையல. அமைஞ்சிருந்தா, பொய்யா தலையாட்டின ஒருத்தியா ஒரு வீட்டுல வாழ்ந்துட்டு இருந்திருப்பேன்."



அவள் அம்மாவின் தோளைப் பிடித்து மறுபடி நாற்காலியில் உட்காரவைத்தாள். தானும் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அம்மாவின் முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டாள். ரெண்டு பேரும் அழுதார்கள். காவலாளி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நானும் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து பர்வீன் எழுந்து வந்தாள். "அம்மா இன்னிக்கு நாவலூர்ல என் ரூம்லயே தங்கட்டும். நீங்க எப்ப மாமி கெளம்பறீங்க?"

"வியாழக்கிழமை."

"மன்னிச்சிட்டேன்னு இப்பவே சொல்லி அனுப்பிடலாம். வாய்தான் சொல்லும். மனசு வரல மாமி. பொய் சொல்லி உங்கள வழியனுப்ப வேணாம்னு பாக்கறேன்."

"வேணாம்மா. வரும்போது சொல்லு" என்றேன்.

ஐந்தரைக்குச் சிறுசேரியிலிருந்து தனியாகக் கிளம்பினேன். கேளம்பாக்கம் போய், வண்டலூர் வந்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு பஸ். மறைமலைநகர் தாண்டும்போது மக்ரிபு பாங்கு கேட்டது. சுற்றி வந்ததில் மொத்தம் நூற்றுத்தொண்ணூறு கிலோமீட்டருக்குக் குறையாது. போகும்போது, மன்னிப்பு வாங்கி வந்தால் பெட்டியை நிம்மதியாகக் கட்டலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஏதோ பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்குகிற மாதிரி. மன்னிப்பு என்பது அவர்கள் மனசில் நடக்க வேண்டிய காரியம் என்பதும், அதற்கு என் விமானத்தின் நேரம் தெரியாது என்பதும் ஐம்பது வயசில் உறைக்கிறது.

சிங்கப்பெருமாள்கோயில் அருகே போனில் பர்வீன் எழுதியிருந்தாள்: "மாமி, அம்மா சாப்டாங்க. நான் இன்னும் மன்னிக்கல. அங்க போனதும் அம்மாவோட முட்டிக்கு துஆ செய்ங்க. எனக்கு எதுவும் கேக்க வேணாம், நானே கேட்டுக்கறேன்."

மூன்று தடவை படித்தேன். இன்ஷா அல்லாஹ், அந்த முட்டிக்காகக் கேட்பேன். கஅபாவைச் சுற்றும்போது ஒரு பெண்ணால் இன்னும் மன்னிக்கப்படாதவளாகத்தான் சுற்றுவேன். எனக்கு அதுதான் நியாயம் என்று படுகிறது.