தெருவில் பதினொரு சோடிச் சப்பாத்து

ஓய்வு பெற்ற பிறகு, சும்மா இருந்தால் மூளை துருப்பிடித்துவிடும் என்று லூயிஷாமில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஐந்நூறு, அறுநூறு வருடத்துக்கு முந்திய துறைமுகப் பட்டினங்களில் எதுவரை தெரு, எங்கிருந்து வீடு என்பதுதான் பாடம்.

"எங்கட அலுமாரியில ஒரு தட்டு ஒதுக்கத் தெரியாத ஆள், ஆரோ ஒராளின்ர வீட்டை அளக்கப் போறார்," என்றாள் மனைவி. சான்றிதழோடு வாறன் பாரும் என்றேன். கோவிலிலும் நாலு பேரிடம் சொல்லிவைத்தேன். இனித் தோற்க ஏலாது.

சான்றிதழுக்கு ஒரே நிபந்தனைதான். கடைசி வகுப்பன்று ரயிலேறி, கென்ட் கரையில் ஒரு பழைய வணிகர் வீட்டுக்குப் போய், அங்கே நின்று பத்து நிமிடம் பேச வேண்டும். 'தெருக்கதவே எல்லை' என்று நான்கு பக்கம் எழுதினேன். கதவுக்கு வெளியே ஊர், உள்ளே குடும்பம். ரயிலில் கையசைவுகூடப் பழகிப் பார்த்தேன். எதிரே இருந்த பெண் எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விட்டாள்.

அங்கே மழை. வாசலை முதலில் அடைந்தவன் நான். நடக்கப் பழகிய நாளிலிருந்து வந்த பழக்கம், கால் தன்பாட்டில் சப்பாத்தைக் கழற்றிவிட்டது. பின்னால் வந்த வகுப்புத் தோழர்கள் அதுதான் அந்த வீட்டு விதியாக்கும் என்று ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். ஆசிரியையும்தான். நடைபாதையில் பதினொரு சோடி.

வீட்டைச் சுற்றிக் காட்டும் அம்மா எங்கள் கால்களைப் பார்த்தார்.

"ஏன் தெருவில் கழற்றினீர்கள்?"

"வீட்டுக்குள் வருகிறோமே," என்றேன்.

"இது கடை. மாலுமிகள் சேற்றுக் காலோடு வந்து துணி விலை பேசிய இடம். வீடு அங்கே இருக்கிறது," என்று உள்ளே ஒற்றைப் படி ஒன்றைக் காட்டினார்.

என் நான்கு பக்கமும் அத்தோடு சரி. ஆசிரியை பேனாவைத் திறந்தார்.

தாள்களை மடித்து வைத்தேன். வெளியே போய் நனைந்த சப்பாத்தை மாட்டிக்கொண்டு, கடைக்குள் சளக் சளக்கென்று நடந்து, அந்தப் படியடியில் கழற்றினேன்.

"இதுவரை நான் வாங்க வந்தவன். கதவு திறந்திருந்தால் யாரும் வரலாம். ஆனால் இந்தப் படி ஏற, உள்ளேயிருந்து ஒருவர் கூப்பிட வேண்டும்."

சொக்ஸின் ஓட்டையால் பெருவிரலும் எட்டிப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. நன்றாகத்தான் பேசினேன். ஆசிரியை 'தேறினார்' என்று எழுதிவிட்டுத் தன் சப்பாத்திலிருந்து தண்ணீரை ஊற்றினார்.

வீட்டுக்கு வந்தால், முன் அறையில் கோவில் நண்பர்கள் இருவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். சான்றிதழைக் காட்டி, படியின் மகிமையை விளக்கினேன்.

"அப்ப அண்ணைமார் இருக்கிறது கடையிலயோ?" என்றாள் மனைவி.

"ஓம்."

"அதுதான் கடிக்க ஒண்டும் வரேல்லை," என்றார் ஒருவர்.

"குசினிக்குள்ள வாங்கோ அண்ணை, வடை அங்கதான் கிடக்கு."

இருவரும் எழுந்து உள்ளே போனார்கள். நானும் எழுந்தேன்.

"நீங்கள் இருந்து கடையைப் பாருங்கோ," என்றாள்.